துறைமுகம் ஃபீடர்

முதுநகரில் ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால்
உப்பனாற்றைப் பார்த்த குட்டை மதில்.
ஞாயிறு ஆறு மணிக்கு நாங்கள் நாலு பேர்,
ஒரு ஸ்பீக்கர், வறுத்த நெத்திலி,
அந்துவானின் மூன்று தனி ஆல்பங்கள்.
'நங்கூரம்' குழு கலைந்த பிறகு
அவன் போட்டது அவ்வளவுதான்.
நாங்கள் பேசியதுதான் பதினோரு வருஷம்.

சுல்பிகருக்கு முதலாவது, 'உப்புத் துரு'.
கைப்பேசி ரிப்பேர்க்காரன்,
காதில் ஸ்க்ரூ டிரைவர் செருகியபடியே வருவான்.
"பெடலே கெடையாதுப்பா அதுல.
ஸ்பீக்கர் காகிதத்த பிளேடால கீறியிருக்கான்.
இல்லன்னா இப்பிடி
நண்டு தகரத்துல நடக்கற மாதிரி வருமா?"

இன்பவல்லிக்கு மூன்றாவது.
சென்னையில், ஏசி ஸ்டுடியோவில்,
நாற்பத்தெட்டு டிராக்கில் எடுத்தது.
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு.
"ஆறு கம்பியும் ஆறா கேக்குது.
அழுக்கா இருந்தாத்தான் நெசமா?"
"ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கு" என்றான் சுல்பிகர்.
அவள் நெத்திலிப் பொட்டலத்தைத்
தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

டிராயிங் மாஸ்டர் ஞானவொளிக்கு நடு ஆல்பம்.
'வலைக்கிடங்கு'.
இங்கிருந்து கூப்பிடு தூரத்தில்,
நைலான் வலைகள் சத்தத்தைக் குடிக்கும் ஓர் அறையில்,
நாலு டிராக் கேசட் மெஷினில்
ராத்திரி ராத்திரியாகப் பதிந்தது.
பாட்டுக்கெல்லாம் அடியில் ஓர் உறுமல் ஓடும்.
ஐஸ் ஃபேக்டரி கம்ப்ரஸர் என்பார் மாஸ்டர்.
கடல் என்றும் ஒருமுறை சொன்னார்,
கொஞ்சம் குடித்திருந்தார்.

நான் லைன்மேன். இசை தெரியாது.
அந்த உறுமல் தெரியும்.
"ஐம்பது சைக்கிள் சார். எர்த் இல்லாத பிளக்கு.
ஜி-க்கு ஒரு மயிரிழை மேல நிக்கும்.
அவன் அத ஒழிக்கல,
கம்பிய அதுக்குத் தக்க முறுக்கிட்டான்."
மாஸ்டர் ட்யூனரைப் பிடித்துப் பார்த்தார்.
எத்தனை வருஷம் அந்த ஆல்பத்தோடு
சேர்ந்து வாசிக்கப் பார்த்துச்
சேராமல் போயிருக்கிறது அவருக்கு!
"அப்ப தம்புரா நெய்வேலியா?" என்றார்.
அன்றைக்கு எனக்கு இரண்டு கை நெத்திலி.

அதோடு நிறுத்தியிருக்கலாம் நான்.

அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு.
மூன்று நிமிஷம் நாற்பது வினாடியில்
ஒரு ஸ்வரம் திடீரென்று மேலே ஏறும்,
கொக்கைக் கழுத்தில் பிடித்த மாதிரி.
பிறகு ஒன்றுமில்லை.
சுல்பிகர்: லீவரை உடைத்துவிட்டான்.
இன்பவல்லி: எடிட்டிங், மட்டமான எடிட்டிங்.
மாஸ்டர் கண்ணை மூடிக்கொள்வார்.
அந்த இடத்தில் அவர் பேசுவதேயில்லை.

சொன்னேன்.
கேசட் அட்டையில் தேதி இருக்கிறது.
என் லாக் புத்தகத்திலும் இருக்கிறது, என் கையெழுத்தில்:
துறைமுகம் ஃபீடர், இரவு எட்டு பன்னிரண்டு, ஆஃப்.
ஐப்பசி மழை. மீன் அங்காடிப் பக்கம்
அறுந்து விழுந்த கம்பி.
சுவிட்சை இழுத்தவன் நான்.
மோட்டார் தளரத் தளரப் பதிந்த சத்தம்,
சரியான வேகத்தில் போட்டால் மேலே ஏறும்.
அவ்வளவுதான் சார். லீவரும் இல்ல, ஒண்ணும் இல்ல.

ஆற்றில் ஒரு படகு
டீசல் இருமலோடு போய் முடிகிற வரை
யாரும் பேசவில்லை.

"சும்மா இரு" என்றான் சுல்பிகர்.
"ஃப்யூஸ் போடறவன்லாம் ஆர்ட்டிஸ்ட்டா?"

இன்பவல்லி மட்டும்,
"மறுநாள் கரண்ட் வந்துதே,
ஏன் திரும்ப வாசிக்கல?
வெச்சுக்கிட்டவன் அவன்தானே" என்றாள்.
மட்டமான எடிட்டிங் என்றவள்.

மாஸ்டர் பாட்டை மறுபடி வைத்தார்.
ஏறியது. நின்றது.
வெகுநேரம் கழித்து, என்னைப் பார்க்காமல்,
"இன்னும் ஒரு நிமிஷம்
பொறுத்திருக்கலாம் நீ" என்றார்.

கம்பி தண்ணியில கெடந்தது சார் என்றேன்.
தெரியும் என்றார்.

"ஒரு நிமிஷம்" என்றார்.